ஆவணங்களில் மூலநிரலை அச்சுக்கோப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு, பாடநூல், மென்பொருள் கையேடு, கருத்தரங்கக் கட்டுரை என நிரல் இடம்பெறும் எந்த ஆவணத்தையும் தயாரிப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில் எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலான பதில்கள் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. சொற்செயலிகளைப் பயன்படுத்துவோருக்கும் டைப்ஸ்ட் என்ற மற்றோர் அச்சுக்கோப்பு மென்பொருளின் பக்கம் நகர்ந்துவிட்டவர்களுக்கும் தனிக் கேள்விகள் உள்ளன. அழகும் துல்லியமும் மோதும் இடங்களில் இங்குள்ள பதில்கள் துல்லியத்தின் பக்கமே சாயும். அச்சில் உள்ளதை வாசகர் தட்டச்சு செய்தாலோ நகலெடுத்து ஒட்டினாலோ நிரல் இயங்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிரல் தொகுப்பானில் பார்ப்பதைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டினால் போதாதா?

போதாது. படமாக ஒட்டிய நிரலில் தேட முடியாது, அதை நகலெடுக்க முடியாது, திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்கு அதில் ஒன்றுமே இருக்காது. அச்சிடும்போது எழுத்தின் விளிம்புகள் மங்கலாகத் தெரியும். கருமையான பின்னணி கொண்ட திரைப்பிடிப்பாக இருந்தால் பக்கத்தில் ஒரு கறுப்புப் பாளம்தான் மிஞ்சும். பிழை ஒன்றைத் திருத்த நேர்ந்தால் மறுபடியும் படம் எடுத்து, வெட்டி, அளவு பார்த்து ஒட்ட வேண்டும் என்பதால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் நடக்காமலே போய்விடுகிறது. ஒரு மென்பொருளின் இடைமுகத்தையே காட்ட வேண்டியிருந்தால் மட்டும் படம் பொருந்தும்.

நிரலைச் சாதாரணப் பத்தி போலவே எழுதினால் லேடெக் ஏன் பிழை காட்டுகிறது?

லேடெக்குக்கு அடித்தளமான டெக், ஒவ்வொரு எழுத்தையும் படிக்கும்போதே அதற்கு ஒரு வகை எண்ணைச் சேர்த்துவிடுகிறது. 0 முதல் 15 வரை மொத்தம் 16 வகைகள் உண்டு. \ என்ற குறி 0, நெளிவு அடைப்பின் திறப்பும் மூடலும் 1, 2, $ 3, & 4, # 6, ^ 7, _ 8, % 14 என்ற வகைகளைச் சேர்ந்தவை; இவை அனைத்தும் டெக்குக்கு இடப்படும் கட்டளைகள், அச்சிட வேண்டிய எழுத்துகள் அல்ல. நிரல் மொழிகள் அதிகம் பயன்படுத்துவதும் இதே குறிகளைத்தான். ஆகவே மீதி காணும் % குறியை நீங்கள் ஒரு வரியில் எழுதினால் அந்த வரியின் எஞ்சிய பகுதி சத்தமின்றி மறைந்துவிடும். பிழைச் செய்தி கூட வராது என்பதுதான் இதில் ஆபத்து. இவற்றோடு, அடுத்தடுத்து வரும் இடைவெளிகள் ஒன்றாகச் சுருங்கிவிடுவதால் உள்தள்ளல் முழுவதும் அழிந்துபோகும்.

நிரலை எழுதியபடியே அச்சிடும் வெர்பாட்டிம் சூழல் செய்வது, இந்தக் குறிகளின் வகை எண்களையெல்லாம் தற்காலிகமாக 12 ஆக, அதாவது வெறும் அச்செழுத்தாக மாற்றிவிடுவதுதான். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பல புதிர்களுக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

அடிக்குறிப்பிலும் பீமர் சில்லுகளிலும் மட்டும் வெர்பாட்டிம் ஏன் வேலை செய்வதில்லை?

வகை எண் எழுத்தோடு ஒட்டுவது, எழுத்து படிக்கப்படும் கணத்தில். அடிக்குறிப்புக் கட்டளை தன் உள்ளீடு முழுவதையும் முதலில் படித்து எடுத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குகிறது; அதற்குள் எல்லா எழுத்துகளுக்கும் பழைய வகை எண்கள் ஒட்டிவிட்டன, பிறகு வெர்பாட்டிம் மாற்ற முயன்றாலும் பயனில்லை. லேடெக்கில் விளக்கக்காட்சி தயாரிக்க உதவும் பீமரில், ஒரு சில்லின் (திரையில் காட்டும் ஒரு பக்கத்தின்) உள்ளடக்கம் முழுவதும் இப்படித்தான் விழுங்கப்படுகிறது. அதனால் அந்தச் சில்லுக்கு ஃப்ராஜைல் என்ற விருப்பத்தைத் தர வேண்டும். அப்போது பீமர் உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பு ஒன்றில் எழுதி, மறுபடியும் புதிதாகப் படிக்கிறது. சில்லை முடிக்கும் கட்டளை தனி வரியில், முன்னும் பின்னும் வேறெதுவும் இல்லாமல் நிற்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அடிக்குறிப்பில் நிரல் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃபேன்சிவெர்ப் என்ற கூடுதல் வசதித் தொகுப்பில் அதற்கு வழி உண்டு. ஆனால் அடிக்குறிப்பில் வைக்கும் அளவுக்கு முக்கியமற்ற நிரல் ஆவணத்துக்கே தேவையா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

வெர்பாட்டிம், லிஸ்டிங்ஸ், மின்ட்டட்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நாலைந்து வரிகள், வண்ணம் வேண்டாம், வரி எண் வேண்டாம் என்றால் வெர்பாட்டிம் போதும். அதன் எளிமையே அதன் பலம். சட்டகம், வரி எண், கோப்பிலிருந்து நேரே எடுத்தல் போன்றவை வேண்டுமென்றால் ஃபேன்சிவெர்ப் இருக்கிறது.

லிஸ்டிங்ஸ் 1996-இல் கார்ஸ்டன் ஹைன்ஸ் தொடங்கியது. மொழியின் சிறப்புச்சொற்கள், குறிப்புரைகள், சரங்கள் ஆகியவற்றை டெக்குக்கு உள்ளேயே இனம் காண்கிறது, வெளி நிரல் எதையும் நம்பியிருப்பதில்லை. எந்தக் கணினியிலும், எந்தப் பதிப்பகத்தின் சேவையகத்திலும் அது இயங்கும். ஆனால் அதன் இனங்காணல் சொற்பட்டியலை ஒப்பிடும் அளவில்தான் நிற்கிறது. சரத்துக்குள் சரம் செருகும் புதிய மொழி வசதிகளில் அது தடுமாறும். யூனிகோட் எழுத்துகளிலும் அதற்குச் சிக்கல் உண்டு, அதைத் தனியே பார்ப்போம்.

மின்ட்டட் நிரலைப் பைத்தானில் எழுதப்பட்ட பிக்மென்ட்ஸ் என்ற கருவியிடம் ஒப்படைத்து, வண்ணமிட்ட வடிவத்தைத் திரும்பப் பெறுகிறது. பிக்மென்ட்ஸுக்கு நூற்றுக்கணக்கான மொழிகள் தெரியும், இனங்காணலும் துல்லியமானது. ஒருவரே எழுதித் தம் கணினியிலேயே பிடிஎஃப் உருவாக்கும் ஆவணத்துக்கு மின்ட்டட், பலர் கைமாறிப் பதிப்பகத்துக்குப் போகும் ஆவணத்துக்கு லிஸ்டிங்ஸ் என்பது எங்கள் பரிந்துரை.

மின்ட்டட் கேட்கும் ஷெல் எஸ்கேப் அனுமதி ஆபத்தானதா?

அந்த அனுமதியைத் தந்தால், ஆவணம் உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்க முடியும். நீங்களே எழுதிய கோப்புக்குத் தரலாம். இணையத்தில் கிடைத்த வார்ப்புருவுக்கு, படித்துப் பார்க்காமல் தரக்கூடாது. 2024-இல் வெளிவந்த மின்ட்டட்டின் மூன்றாம் பதிப்பு, கட்டுப்படுத்தப்பட்ட அனுமதிக்குள்ளேயே இயங்கும்படி மாற்றி எழுதப்பட்டது. டெக் மென்பொருள்களை ஒன்றாகத் தரும் டெக் லைவின் புதிய நிறுவல்களில் முழு அனுமதி தர வேண்டிய தேவை இல்லை. பதிப்பகம் எந்த வெளி நிரலையும் அனுமதிக்காது என்றால், ஃப்ரோஸன்கேஷ் என்ற விருப்பத்தைப் பயன்படுத்தி, உங்கள் கணினியில் உருவான வண்ணமிட்ட கோப்புகளையும் ஆவணத்தோடு சேர்த்து அனுப்பிவிடலாம்.

ஒரு வரியில் எத்தனை எழுத்துகள் இடம் பெறும்?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டுவிடலாம். லேடெக்கின் இயல்பான ஆர்ட்டிகிள் வகுப்பில், 10 புள்ளி அளவில், உரையின் அகலம் 345 புள்ளி. இயல்பான தட்டச்சு எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தும் 5.25 புள்ளி அகலம் கொண்டது. வகுத்தால் 65 எழுத்துகள். வரிசைப் பட்டியலுக்குள் நிரலை வைத்தால் இடது ஓரத்தில் 25 புள்ளி போய்விடும். மிஞ்சுவது 60 எழுத்துகள். ஆவணத்தின் அடிப்படை அளவை 12 புள்ளியாக உயர்த்தினால் அகலம் 390 புள்ளியாகக் கூடும், ஆனால் எழுத்தும் 6.175 புள்ளியாகப் பெருப்பதால் 63 எழுத்துகளே கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் இடமும் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மறுபுறம், பைத்தான் நடைக் கையேடான பெப் 8 ஒரு வரிக்கு 79 எழுத்துகளை வரம்பாக வைக்கிறது. 80 என்ற எண்ணின் வேர் ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டையில் இருக்கிறது. ஆக, திரைக்கு எழுதிய நிரலில் 79-ஐத் தொடும் வரிகள் இருந்தால் 65 எழுத்து அகலமுள்ள பக்கத்தில் அவை வலது ஓரத்தைத் தாண்டிப் போவது உறுதி. அடிப்படை அளவு 10 புள்ளியாக இருக்க, நிரலை மட்டும் 9 புள்ளியில் வைத்தால் எழுத்தின் அகலம் 4.725 புள்ளி, வரிக்கு 73 எழுத்துகள். 8 புள்ளியில் வைத்தால் 4.25 புள்ளி, வரிக்கு 81 எழுத்துகள். அதாவது 79 எழுத்து வரிகளை மடக்காமல் வைக்க 8 புள்ளிக்கு இறங்கியாக வேண்டும். அது படிக்க முடிகிற அளவின் கடைசிப் படி. அதற்குக் கீழே இறங்குவதைவிட, ஆவணத்துக்காகவே நிரலை 70 எழுத்துகளுக்குள் திருத்தி எழுதுவது மேல். இரண்டு பத்தித் தாள் என்றால் இந்தக் கணக்குகளெல்லாம் பாதியாகும். அங்கே நீண்ட நிரலை இரு பத்தி அகலத்துக்கும் பரப்பி வைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

நீண்ட வரியை மென்பொருளே மடக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

விடலாம், கடைசி வழியாக. லிஸ்டிங்ஸிலும் மின்ட்டட்டிலும் பிரேக்லைன்ஸ் என்ற விருப்பம் உண்டு. ஆனால் மென்பொருளுக்கு நிரலின் பொருள் தெரியாது. அது இடம் முடியும் இடத்தில் மடக்கும். நீங்கள் மடக்கினால் அடைப்புக்குறிக்குள், காற்புள்ளிக்குப் பின், கூட்டல் போன்ற குறிக்கு முன் என்று பொருளோடு மடக்குவீர்கள். தானியங்கி மடிப்பைப் பயன்படுத்தும்போது மடிந்த வரியின் தொடக்கத்தில் ↪ போன்ற ஓர் அடையாளம் கட்டாயம் இருக்க வேண்டும், அது வரி எண் பெறக்கூடாது. பைத்தான் போல உள்தள்ளலே இலக்கணமாக இருக்கும் மொழியில், அடையாளமில்லாத மடிப்பு வாசகரைப் பிழையான நிரலுக்கே கொண்டுபோய்விடும்.

மடக்கும் இடத்தில் இணைப்புக்கோடு இடுவது ஒருபோதும் கூடாது. அந்தக் கோடு நிரலின் பகுதியா, அச்சின் பகுதியா என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

எந்த எழுத்துருவைப் பயன்படுத்துவது?

சம அகல எழுத்துருவாக இருக்க வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். உள்தள்ளலும் நெடுவரிசைகளும் அப்போதுதான் நேராக நிற்கும். அடுத்த தேர்வு, குழப்பம் தரும் எழுத்துகளை வேறுபடுத்துவது: சுழியமும் ரோமன் எழுத்தான பெரிய ஓவும், எண் ஒன்றும் சிறிய எல்லும் பெரிய ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுவேறாகத் தெரிய வேண்டும். இன்கன்சொலாட்டா, டேஜாவு சான்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் ப்ரோ ஆகியவை இந்தச் சோதனையில் தேறுபவை. சம அகல எழுத்துருக்கள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள உரையைவிடப் பெரிதாகத் தோன்றும். அதனால் எழுத்துருக்களை அழைக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் சிற்றெழுத்தின் உயரத்துக்கு ஈடாக அளவைச் சரிசெய்யும் விருப்பத்தை இயக்கிவிடுங்கள்.

ஃபிரா கோட் போன்ற எழுத்துருக்கள் != என்பதை ஒரே குறியாக ≠ போல இணைத்துக் காட்டும். தன் திரையில் அதை விரும்புவது அவரவர் உரிமை. கற்பிக்கும் நூலில் அந்த இணைப்புகளை அணைத்துவிட வேண்டும். விசைப்பலகையில் எந்த இரண்டு விசைகளை அழுத்துவது என்பதே புதியவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

சிறப்புச்சொற்களைத் தடித்த எழுத்தில் கேட்டும் ஏன் சாதாரணமாகவே வருகின்றன?

லேடெக்கின் இயல்பான தட்டச்சு எழுத்துருவுக்குத் தடித்த வடிவமே கிடையாது. லேடெக் இயங்கும்போது உருவாகும் பதிவேட்டுக் கோப்பைத் (.log) திறந்தால் அந்த எழுத்துரு வடிவம் கிடைக்கவில்லை, வேறொன்று பயன்படுத்தப்பட்டது என்ற எச்சரிக்கை இருக்கும். தடித்த வடிவம் உள்ள பேரா மோனோ போன்ற ஒன்றுக்கு மாறினால் சரியாகிவிடும்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த நிரல் ஏன் இயங்குவதில்லை?

இதற்கு ஒரே காரணம் இல்லை. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் குறிகள் உள்ளே வேறு எழுத்துகளாக இருப்பது இவற்றுள் முதன்மையானது. வெர்பாட்டிமில் நேரான ஒற்றை மேற்கோள் ' வளைந்த ’ குறியாக அச்சாகிறது; எந்தத் தொகுப்பியும் அதை மேற்கோளாக ஏற்காது. அப்கோட் தொகுப்பைச் சேர்த்தால் நேராகிவிடும். லிஸ்டிங்ஸில் அதே பெயரில் ஒரு விருப்பம் உண்டு. இணைப்புக்கோட்டின் கதையும் இதுதான்: லிஸ்டிங்ஸ் இயல்பாக ஆவணத்தின் சாதாரண எழுத்துருவையே பயன்படுத்துகிறது, தட்டச்சு எழுத்துருவை அல்ல. அந்த நிலையில் அது கோட்டைக் கணிதக் கழித்தல் குறியாக அச்சிடும். ஆகவே லிஸ்டிங்ஸைத் தொடங்கியதும் முதலில் செய்ய வேண்டியது பேசிக்ஸ்டைல் என்ற விருப்பத்தில் தட்டச்சு எழுத்துருவைக் குறிப்பிடுவது. கட்டளை வரியின் இரட்டைக் கோடு -- நீண்ட ஒற்றைக் கோடாக – மாறிப்போவது சொற்செயலிகளில் அன்றாட நிகழ்ச்சி.

இடைவெளிகள் அடுத்த தொல்லை. லிஸ்டிங்ஸ் இயல்பாக ஒவ்வோர் எழுத்தையும் நிலையான கட்டத்துக்குள் பரப்பி வைக்கிறது. பிடிஎஃப் பார்ப்பான் அந்த இடைவெளியைச் சொல் இடைவெளி என்று எண்ணி, ஒரே சொல்லைத் துண்டு துண்டாக நகலெடுத்துத் தரக்கூடும். காலம்ஸ் என்ற விருப்பத்துக்கு ஃபுல்ஃப்ளெக்ஸிபிள் என்ற மதிப்பையும், கூடவே கீப்ஸ்பேசஸ் விருப்பத்தையும் தாருங்கள். சரங்களுக்குள் ␣ என்ற விசித்திரக் குறி தோன்றினால் அது ஷோஸ்ட்ரிங்ஸ்பேசஸ் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதன் விளைவு. எதற்காக அப்படி வைத்தார்களோ, பெரும்பாலோர் முதல் நாளே அணைத்துவிடுகிறார்கள்.

வரி எண்களும் நிரலோடு சேர்ந்து நகலாவதைத் தடுக்க அக்ஸப் என்ற தொகுப்பு உதவும். எண்ணுக்குப் பதிலாக நகலெடுக்க வெற்று உரையை அது பிடிஎஃபில் பதித்துவிடும். எல்லாப் பார்ப்பான்களும் இதை மதிப்பதில்லை என்பதால், நகலெடுக்கவே வைத்திருக்கும் நிரலுக்கு வரி எண் இடாமலிருப்பது எளிய தீர்வு. இவ்வளவு செய்தும் வரித்தொடக்க இடைவெளிகளைச் சில பார்ப்பான்கள் உதிர்த்துவிடும். பத்து வரிக்கு மேற்பட்ட நிரலைக் கோப்பாகவும் தனியே வழங்கிவிடுவது வாசகருக்குச் செய்யும் பெரிய உதவி.

டேப் எழுத்துகளை என்ன செய்வது?

இடைவெளிகளாக மாற்றிவிடுங்கள். வெர்பாட்டிம் ஒரு டேப்பை ஒற்றை இடைவெளியாகவே எண்ணும். லிஸ்டிங்ஸ் இயல்பாக 8 இடைவெளியாக விரிக்கும். உங்கள் தொகுப்பானில் 4 என்று வைத்திருப்பீர்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்க, கலவையாக உள்தள்ளிய கோப்பு அச்சில் கோணலாகத்தான் நிற்கும். மேக் என்ற கருவிக்கான கட்டளைக் கோப்பாகிய மேக்ஃபைல் மட்டும் விதிவிலக்கு: அதன் கட்டளை வரிகள் உண்மையான டேப்பில் தொடங்க வேண்டும், அச்சிலிருந்து நகலெடுத்தால் அது இடைவெளியாகிப் பிழை தரும். அந்த நிரலுக்கு அருகிலேயே ஒரு வாக்கியத்தில் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

வண்ணங்கள் எத்தனை வேண்டும்?

சிறப்புச்சொல், குறிப்புரை, சரம் ஆகிய மூன்றுக்கும் மூன்று போதும். மூன்றும் வெள்ளைத் தாளில் அடர்ந்து தெரிய வேண்டும். தொகுப்பானில் அழகாகத் தெரியும் வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும் தாளில் காணாமல் போகும். இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் சிறிய எழுத்துக்குக் கேட்கும் 4.5:1 என்ற மாறுபாட்டு விகிதம் அச்சுக்கும் நல்ல அளவுகோல். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பிப் பொருள் வேறுபாட்டைக் காட்டக் கூடாது; அந்த இரண்டையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் கணிசமானவர்கள். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் வேறுபாடு தெரியும்படி, சிறப்புச்சொல்லுக்குத் தடிப்பும் குறிப்புரைக்குச் சாய்வும் சேர்த்துவிட்டால் வண்ணம் போனாலும் நிரல் படிக்கக் கிடைக்கும்.

வரி எண்கள் அவசியமா?

உரையில் 'ஏழாம் வரியைப் பாருங்கள்' என்று எழுதுகிறீர்கள் என்றால் அவசியம், இல்லையென்றால் வெறும் அலங்காரம். எழுதும்போது எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். எஸ்கேப்பின்சைட் விருப்பத்தின் மூலம் நிரலுக்குள்ளேயே, ஒரு குறிப்புரையில், லேபிள் கட்டளையை வைத்து உரையிலிருந்து அதைச் சுட்டினால், மேலே ஒரு வரி சேர்ந்தாலும் எண் தானாகவே மாறிக்கொள்ளும்.

நிரலை மிதக்கவிடுவதா, உரையோடு நிறுத்துவதா?

உரையின் ஓட்டத்தில் 'பின்வருமாறு' என்று சொல்லி வரும் சிறு துண்டுகள் அங்கேயே நிற்க வேண்டும். பல இடங்களிலிருந்து சுட்டப்படும் நிரலுக்குத் தலைப்பும் எண்ணும் தந்து, படம் அட்டவணை போல மிதக்கவிடலாம். மிதக்கும் பொருள் இரண்டு பக்கங்களில் உடையாது என்பதால் ஒரு பக்கத்தை மீறும் நிரலை மிதக்கவிட முடியாது. அவ்வளவு நீண்ட நிரலைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டு, பேச வேண்டிய பதினைந்து வரிகளை மட்டும் உரையில் காட்டுவதே முறை. பின்னணி நிறமிட்ட நிரல் பக்கம் மாறும் இடத்தில் ஒழுங்காக உடைய வேண்டுமென்றால் டிகலர்பாக்ஸ் தொகுப்பு அதைச் செம்மையாகச் செய்யும்.

நிரலில் தமிழ் எழுத்துகள் இருந்தால்?

குறிப்புரைகளிலும் சரங்களிலும் தமிழ் வருவது இயல்பு. பைத்தான் 3 மாறிப் பெயர்களையும் தமிழில் ஏற்கிறது. கீழ்வரும் வரி அப்படியே இயங்கும், அகலமும் உயரமும் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தால்:

மொத்தம் = அகலம் * உயரம்

இந்த ஒரு வரியே அச்சுக்கோப்பின் எல்லாச் சிக்கல்களையும் காட்டிவிடுகிறது. 'மொத்தம்' என்பதில் கண்ணுக்குத் தெரிபவை நான்கு எழுத்துகள். யூனிகோடில் அவை ஏழு குறியீட்டுப் புள்ளிகள். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஒதுக்கும் லிஸ்டிங்ஸ், உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாகக் கையாள முயன்று சொல்லைச் சிதைத்துவிடும். பிடிஎஃப் லேடெக்கிலோ நிலைமை இன்னும் மோசம்: ஒரு யூனிகோட் எழுத்தின் பல பைட்டுகளை லிஸ்டிங்ஸ் பல எழுத்துகளாகவே எண்ணும். லிட்டரேட் என்ற விருப்பத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுப்பது ஓரிரு ஐரோப்பிய எழுத்துகளுக்குச் சரி, தமிழுக்கு நடைமுறையில் ஒத்துவராது.

ஆகவே யூனிகோடை நேரடியாகக் கையாளும் ஸீலேடெக் அல்லது லுவாலேடெக், அதோடு மின்ட்டட் என்ற சேர்க்கைதான் இங்கே பொருந்தும். லுவாலேடெக்கில் தமிழ் எழுத்துருவை அழைக்கும்போது ரெண்டரர் என்ற விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் என்று குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும். சம அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் வடிவங்களே இல்லை, விடுபட்ட இடத்தில் வெற்றிடமோ கட்டமோ வரும். அதனால் ரோமன் எழுத்துகளுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு எழுத்துருக்களை மாற்றுவரிசையில் அமைக்க வேண்டும். 'இ'யும் 'ஔ'வும் ஒரே அகலத்தில் அடங்காது என்பதால், தமிழ் வரும் வரிகளில் வலப்பக்கக் குறிப்புரைகளை நெடுவரிசையாக நேர்ப்படுத்த முயல வேண்டாம். குறிப்புரையை மேலே தனி வரியில் வையுங்கள். எழுத்துக்கு எழுத்து வரி மடக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களை எதிர்பாராத மொழிகளில் பிக்மென்ட்ஸ் அவற்றைப் பிழையென எண்ணிச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். பிழை உங்கள் நிரலில் இல்லை. அந்தப் பாணியில் பிழைக்கான தோற்றத்தை மாற்றினால் கட்டம் போய்விடும். இன்னொன்று: 'மொ'வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பைத்தான் மாறிப் பெயர்களில் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும், சரங்களில் அப்படிச் செய்யாது. அச்சில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சரங்கள் சமமில்லை என்று நிரல் சொன்னால் இங்கே தேடுங்கள்.

வாக்கியத்துக்கு நடுவே வரும் நிரல் சொற்களை எப்படி எழுதுவது?

தட்டச்சு எழுத்துருவில், மேற்கோள் குறியில்லாமல். அந்த எழுத்துருவில் லேடெக் சொற்களை இணைப்புக்கோடிட்டு உடைக்காது என்பதால், நீண்ட பெயர்கள் வலது ஓரத்தைத் தாண்டும். அடிக்கோட்டுக்குப் பிறகு மட்டும் உடைய அனுமதிப்பது ஒரு வழி. வாக்கியத்தையே மாற்றி எழுதுவது அதைவிட நல்ல வழி.

நிரலை ஆவணத்துக்குள் ஒட்டுவதா, கோப்பிலிருந்து எடுப்பதா?

கோப்பிலிருந்து எடுப்பதே சரி. ஒட்டிய கணத்திலிருந்து ஆவணத்திலுள்ள நிரலும் சோதனையில் தேறிய நிரலும் தனித்தனி வழிகளில் போகத் தொடங்குகின்றன. ஒரு மாறியின் பெயரைக் கோப்பில் மாற்றுவீர்கள், நூலில் பழைய பெயர் இருக்கும். மூன்று அத்தியாயம் தள்ளி அதே நிரலின் வேறொரு துண்டு புதிய பெயரோடு வரும். லிஸ்டிங்ஸ், ஃபேன்சிவெர்ப், மின்ட்டட் மூன்றிலுமே கோப்பைப் பெயர் சொல்லி அழைக்கும் கட்டளை உண்டு. எந்தப் பகுதி வேண்டும் என்பதை 12 முதல் 30 வரை என்று வரி எண்களால் சொல்வது ஆரம்பத்தில் எளிதாக இருக்கும். கோப்பின் தலையில் ஒரு வரி கூடியதும் எல்லாத் துண்டுகளும் ஒரு வரி நழுவிவிடும், யாருக்கும் தெரியாது. லிஸ்டிங்ஸில் வரி எல்லையை அடையாளச் சொற்களாலும் தரலாம். கோப்பில் இரண்டு குறிப்புரை வரிகளை எல்லைக்கல் போல நட்டு, அவற்றுக்கு இடைப்பட்டதை எடு என்று சொல்லிவிட்டால் நழுவுவதற்கு இடமில்லை.

இடையில் சில வரிகளை விட்டுவிட வேண்டியிருந்தால், வெறும் மூன்று புள்ளி இடாமல், அந்த மொழியின் குறிப்புரைக் குறியோடு என்ன விடுபட்டது என்பதையும் எழுதுங்கள். சில மொழிகளில் மூன்று புள்ளியே செல்லுபடியாகும் நிரல் என்பதை நினைவில் கொள்ளவும்.

முனையத்தில் தட்டச்சு செய்வதையும் அதன் வெளியீட்டையும் எப்படிப் பிரிப்பது?

வாசகர் தட்டச்சு செய்ய வேண்டியதைத் தடித்த எழுத்திலும், கணினி திருப்பித் தருவதைச் சாதாரண எழுத்திலும் வைக்கலாம். வரித்தொடக்கத்தில் $ அல்லது >>> இட்டால் எது உள்ளீடு என்பது உடனே தெரியும், ஆனால் அதையும் சேர்த்து நகலெடுப்பவருக்குப் பிழைதான் கிடைக்கும். வெளியீடு காட்டாத இடங்களில் அந்தக் குறியைத் தவிர்த்துவிடுங்கள்.

சொற்செயலியில் எழுதுபவர்கள் என்ன செய்யலாம்?

நிரலுக்கென ஒரு பத்திப் பாணியை உருவாக்கி, அதில் சம அகல எழுத்துரு, இடப்பக்க ஒழுங்கு, ஒற்றை வரி இடைவெளி, எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்ற அமைப்பு ஆகியவற்றைப் பதிந்துவிடுங்கள். மேற்கோளை வளைப்பது, வரியின் முதலெழுத்தைப் பெரிதாக்குவது, இரட்டைக் கோட்டை ஒன்றாக்குவது ஆகிய தானியங்கித் திருத்தங்களை நிரலை ஒட்டுவதற்கு முன்பே அணைக்க வேண்டும். பின்னால் அணைத்தால் ஏற்கெனவே மாறியவை மாறியபடியே இருக்கும்.

டைப்ஸ்டில் இதெல்லாம் எளிதா?

எளிதுதான். மூன்று பின்சாய்வு மேற்கோள் குறிகளுக்கு (```) இடையே நிரலை வைத்து மொழியின் பெயரைச் சொன்னால் வண்ணமிடல் உள்ளமைந்த வசதியாகவே நடக்கிறது, வெளி நிரலும் அனுமதியும் தேவையில்லை. உங்கள் பதிப்பகம் அந்தக் கோப்பை ஏற்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் எதைச் சரிபார்ப்பது?

பதிவேட்டுக் கோப்பில் ஓவர்ஃபுல் என்ற எச்சரிக்கையைத் தேடி, ஓரம் தாண்டிய வரிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். நிரல் உள்ள ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில், உண்மையான அளவிலேயே அச்சிட்டுக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பிறகு பிடிஎஃபைத் திறந்து, ஒவ்வொரு நிரலையும் நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டி, மூலக் கோப்போடு ஒப்பீட்டுக் கருவியால் ஒப்பிடுங்கள். வரித்தொடக்க இடைவெளியில் மட்டும் வேறுபாடு இருந்தால் அது பார்ப்பானின் வேலையாக இருக்கலாம், வேறொரு பார்ப்பானில் திறந்து பாருங்கள். வேறெந்த எழுத்து மாறியிருந்தாலும் திருத்த வேண்டியது உங்கள் ஆவணத்தைத்தான்.